வீட்டைச் சூடாக்கல்

கொழும்பிலிருந்து வந்த படிவத்தில்
ஐந்தாவது கேள்வி:
இறக்குமதி நிலக்கரி, பாவனை நோக்கம்.
அ. கைத்தொழில்
ஆ. சமையல்
இ. வீட்டைச் சூடாக்கல்.

கந்தோரே சிரித்தது.
பங்குனியில் படுத்தால்
பாய் முதுகோடு ஒட்டி எழும்பி வருகிற ஊருக்கு
வீட்டைச் சூடாக்க ஒரு சட்டம்.
"எந்தக் குளிர்நாட்டுத் தாளைப் பார்த்து எழுதினாங்களோ"
என்றார் பத்மசிகாமணி.
நானும் சிரித்தேன்.
'இ'க்கு நேரே
மூன்று மாதம் பூச்சியம் போட்டேன்.

அதற்குப் பிறகு அந்த மார்கழி.
கடலுக்குள் எங்கோ புயல் சுழன்றதில்
மூன்று நாள் வெயில் கிடையாது.
பட்டியில் மாடுகள் விறைத்து விழுந்தன.
மீன்கூடையில் கைவைத்தவர்கள்
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்கள்.

குருநகரில், ஐஸ் கொம்பனிக்கு அடுத்த கடையில்
அலோசியஸ் கரி விற்றார்.
கப்பலில் வந்த கல்லுக்கரி, வெங்காயச் சாக்கில்.
ஐந்து கிலோ என்று சுண்ணாம்புக்கட்டியால் எழுதியிருந்தது.
தராசை இறக்கினேன்.
நாலு கிலோ நூறு கிராம்.
அதிலும் தண்ணி.
"மழைக்கு நனைஞ்சது மிஸ்."
"உள்ளுக்குக் கிடந்த சாக்குமோ?"
அவர் கூரையைப் பார்த்தார்.
கூரை அவருக்குச் சாட்சி சொல்லவில்லை.

விலைத்துண்டு இல்லை, றசீது இல்லை,
எந்த நாட்டுக் கரி என்று அவருக்கே தெரியாது.
"கறுப்பாக் கிடக்கு, எரியுது. இனி என்ன வேணும்?"
வரிசை என்னைத்தான் முறைத்தது.
"நிறுத்து முடிஞ்சால் விடுங்கோ பிள்ளை,
வீட்டில பச்சைக் குழந்தை" என்றாள் ஒருத்தி,
சாக்கை இடுப்பில் இடுக்கியபடி.

நாற்பத்தொரு சாக்குக்குச் சீல் வைத்தேன்.
அவளுடையதற்கு வைக்கவில்லை.
அது விற்றுப்போன பொருள்.
விற்றுப்போன பொருளில் எனக்கு அதிகாரம் இல்லை.
வாய்திறந்து ஒரு வசனம் சொல்ல
அதிகாரம் தேவையில்லை என்பது
மோட்டார் சைக்கிள் பெரியகடையைத் தாண்டின பிறகுதான்
உறைத்தது.

யூஜினி அவளுடைய பெயர்.
ஒற்றை அறை.
சன்னல் இடுக்கெல்லாம் சீலைத்துணி அடைத்து
கட்டிலுக்குக் கீழே மண்சட்டியில் கரி.
இரவு இரண்டு மணிக்கு
கதவிடுக்கால் மஞ்சள் புகை,
அழுகின முட்டை மணம்.
கடலுக்குப் போக வெளிக்கிட்ட பக்கத்துவீட்டு நெல்சன்
துடுப்பால் கதவை உடைத்தான்.
ஆஸ்பத்திரியில் தாய்க்கும் குழந்தைக்கும் ஒட்சிசன்.
ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள்.

டொக்டர் எனக்குச் சொன்னது இது:
நல்லாய்க் காய்ந்த கரி என்றால்
புகையே இராது. மணமும் இராது.
தணல் சிவப்பாய்க் கிடக்கும்.
ஒருவருக்கும் தெரிந்திராது.

வழக்கன்று கோட்டு வாசலில் அலோசியஸ்
தண்டப்பணத்தை எண்ணிக்கொண்டு கேட்டார்:
"நான் தண்ணி ஊத்தினபடியால்தானே மிஸ்
அதுகள் உயிரோட கிடக்குதுகள்?"

நிறைக்குறைவுக்கு எனக்குச் சட்டம் தெரியும்.
விலை மறைத்தலுக்குப் பிரிவு இலக்கம் பாடம்.
இதற்கு என்ன பதில் எழுதுவது?
களவின் ஈரம் ஒரு குழந்தையை எழுப்பியதென்று
எந்தப் பெட்டியில் சரி போடுவது?

கொழும்புக்கு ஒரு கடிதம் போட்டேன்.
ஒவ்வொரு சாக்கிலும்
மூன்று மொழியிலும் கொட்டை எழுத்தில்
'சன்னலைத் திறந்து வைக்கவும்' என்று அச்சிட வேண்டும்,
அச்சில்லாத சாக்கை விற்கக் கூடாது.
'கிடைக்கப்பெற்றோம்' என்று மறுமொழி வந்தது.

இப்போது சித்திரை.
சீல் வைத்த நாற்பத்தொரு சாக்கும்
எங்கள் களஞ்சிய அறையில்.
பத்மசிகாமணி குடையை அதில்தான் சாத்துவார்.
ஈரம் காய்ந்து
ஒவ்வொன்றும் இன்னும் நிறை குறைந்திருக்கும்.
நான் நிறுக்கவில்லை.

மார்கழிப் படிவம் மேசையில்.
ஐந்தாவது கேள்வி, இ.
பூச்சியத்தை வெட்டி
ஒன்று என்று எழுதினேன்.
பக்கத்தில் கையொப்பம் கேட்டது, வைத்தேன்.
மின்விசிறி தாளைத் தூக்கிக்கொண்டே இருந்தது.